கிறுக்குத் தாளுக்கு மாற்றாக மின்னணுச் சிலேட்டு: தேர்ந்தெடுப்பதும் பயன்படுத்துவதும்

மின்னணுச் சிலேட்டு, அதாவது பிளாஸ்டிக் பேனாவால் எழுதி, ஒரு பொத்தானை அழுத்தி அழிக்கும் எல்சிடி (திரவப் படிகத் திரை) எழுதுபலகை, வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒரு வாரம் முழுவதும் நீங்கள் எழுதும் தாள்களைக் குப்பையில் போடாமல் ஓர் உறையில் சேர்த்து வையுங்கள். வார முடிவில் அவற்றை வெளியே எடுத்து, எழுதிய அன்றே பயன் தீர்ந்துவிட்டவற்றை ஒரு பக்கமும், மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டியவற்றை மறுபக்கமும் பிரித்து அடுக்குங்கள். கூட்டிக் கழித்துப் பார்த்த தாள், தொலைபேசியில் பேசிக்கொண்டே கிறுக்கிய துண்டுச் சீட்டு, மனப்பாடம் செய்வதற்காகப் பத்து முறை எழுதிய சூத்திரம், பாதி வரை போட்டுத் தவறென்று அடித்துவிட்ட கணக்கு ஆகியவை முதல் குவியலில் சேரும். எல்சிடி எழுதுபலகை இந்த முதல் குவியலுக்கு மட்டுமே மாற்றாகும். இரண்டாவது குவியலையும் அது விழுங்கிவிடும் என்று நம்பி வாங்குபவர்கள்தாம் பெரும்பாலும் ஒரே மாதத்தில் அதை மேசை இழுப்பறைக்குள் தள்ளிவிடுகிறார்கள்.

இந்தப் பலகை வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால், அதை எப்படிக் கையாள வேண்டும் என்பது தானாகவே விளங்கும். இரண்டு பிளாஸ்டிக் படலங்களுக்கு நடுவே கொலஸ்டெரிக் வகைத் திரவப் படிகம் (திரவம்போல் ஓடினாலும் மூலக்கூறுகள் படிகம்போல் ஓர் ஒழுங்கில் நிற்கும் பொருள்) மெல்லிய அடுக்காக அடைபட்டிருக்கிறது. பேனா முனை அழுத்தும் இடத்தில் படிகத்தின் மூலக்கூறுகள் வேறோர் ஒழுங்குக்கு மாறி, விழும் வெளிச்சத்தில் ஒரு குறிப்பிட்ட நிறத்தை மட்டும் எதிரொளிக்கின்றன. அழுத்தம் படாத இடம் ஒளியை உள்ளே விட்டுவிடுவதால் பின்னாலுள்ள கறுப்பு தெரிகிறது. கறுப்புப் பரப்பில் வெளிர்பச்சைக் கோடு தோன்றுவது இப்படித்தான். இரண்டு நிலைகளுமே மின்சாரமின்றி நிலைத்து நிற்பவை என்பதால், எழுதுவதற்கோ எழுதியதை அப்படியே வைத்திருப்பதற்கோ பேட்டரி செலவாவதில்லை. அழிக்கும் பொத்தானை அழுத்தும்போது மட்டும் ஒரு மின்துடிப்பு பாய்ந்து எல்லா மூலக்கூறுகளையும் பழைய நிலைக்குத் திருப்புகிறது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இயங்கும் கென்ட் டிஸ்ப்ளேஸ் நிறுவனம் 2010-இல் ‘பூகி போர்டு’ என்ற பெயரில் இவ்வகைப் பலகையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று பல பெயர்களில் கிடைப்பவையும் இதே முறையில் இயங்குபவையே.

வாங்கும்போது முதலில் பலகையைத் திருப்பிப் பின்புறத்தைப் பாருங்கள். அழிக்கும் பொத்தானை முடக்கும் பூட்டு அங்கோ விளிம்பிலோ இருக்க வேண்டும். இந்தப் பூட்டு இல்லாத பலகை ஒன்றை நான் சில காலம் வைத்திருந்தேன். ஒரு நாள் மாலை, முக்கால் மணி நேரம் உட்கார்ந்து போட்ட செலவுக் கணக்கோடு அதைப் பைக்குள் வைத்தேன். வீட்டுக்கு வந்து எடுத்தபோது, புத்தகத்தின் முனை பொத்தானில் பட்டு, திரை துடைத்துவிட்டதுபோல் கறுத்துக் கிடந்தது. பூட்டுக்கு அடுத்தபடியாகப் பேட்டரி மூடியைக் கவனியுங்கள். மூடியே இல்லாமல் ஒட்டி மூடப்பட்ட பலகைகளில் பேட்டரி தீர்ந்ததும் பலகை முழுவதும் மின்னணுக் குப்பையாகிவிடும். தாளை மிச்சப்படுத்துவதற்காக வாங்கிய பொருள் இப்படி முடிவதில் எந்த அர்த்தமும் இல்லை. திருகாணி வைத்த மூடியே நல்லது. பலவண்ணக் கோடு விழும் பலகைகளில் எந்த நிறம் எங்கே வரும் என்பது முன்பே தீர்மானிக்கப்பட்டது, நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. சிறு குழந்தைகளுக்கு அது மகிழ்ச்சி தரும். கணக்குப் போடுபவருக்கு ஒற்றை நிறமே கண்ணுக்கு இதமானது. அளவைப் பொறுத்தவரை, சீட்டுக் குறிப்புக்கு 8.5 அங்குலம் போதும். நீண்ட வழிமுறைகளைக் கொண்ட கணக்குகளுக்கு 10 அல்லது 12 அங்குலம் வேண்டும்.

எழுதத் தொடங்கியதும் இரண்டு குறைகள் தென்படும். திரைக்குத் தனி வெளிச்சம் கிடையாது என்பதால் மங்கலான அறையில் எழுத்து தெரியாது. விளக்கு நேர் மேலே இருந்தாலோ, அதன் பிம்பம் எழுத்தின்மேல் விழுந்து மறைக்கும். விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, பலகையைச் சற்றே சாய்த்துப் பிடித்தால் இரண்டும் சரியாகிவிடும். கோட்டின் தடிமன் அழுத்தத்தைப் பொறுத்து மாறும் என்பதால், தாளில் எழுதுவதைவிட எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவும் இடைவெளி விட்டும் எழுதுங்கள். ‘ணி’, ‘ழு’ போன்ற எழுத்துகளின் சுழிகள் சிறிதாக எழுதினால் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். உடன் வந்த பிளாஸ்டிக் பேனா தொலைந்துவிட்டால் பதற வேண்டியதில்லை, விரல் நகத்தாலும் எழுதலாம். ஆனால் பந்துமுனைப் பேனாவையோ உலோக முனையையோ ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அவை விடும் கீறலை எந்தப் பொத்தானாலும் அழிக்க முடியாது.

சாதாரணப் பலகையில் ஒரு வரியை மட்டும் அழிக்க இயலாது, அழித்தால் எல்லாமே போய்விடும். ஆகவே திரையை மனத்தளவில் இரண்டாகப் பிரித்து, இடப்புறம் வழிமுறையையும் வலப்புறம் கிடைத்த விடைகளையும் எழுதிக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்துவதற்கு முன் வலப்புறத்தை மட்டும் ஒரு முறை பார்த்துவிட்டால் போதும். வைத்துக்கொள்ள வேண்டியது ஏதேனும் இருந்தால் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம், அல்லது நோட்டில் ஒரு வரியாகப் பெயர்த்து எழுதலாம். குறிப்பிட்ட பகுதியை மட்டும் அழிக்கும் வசதியுள்ள பலகைகளும் கிடைக்கின்றன. அவை வடிவியல் படம் வரைபவர்களுக்குப் பெரிதும் உதவும்.

அழித்த பிறகும் பழைய எழுத்தின் சாயல் மங்கலாகத் தெரிந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது என்று பொருள். பெரும்பாலும் உள்ளே இருப்பது 3 வோல்ட் பட்டன் பேட்டரி. சிஆர் 2016 என்ற குறியீட்டில் 20 என்பது மில்லிமீட்டரில் விட்டத்தையும், 16 என்பது 1.6 மில்லிமீட்டர் தடிமனையும் குறிக்கும். சிஆர் 2025 பேட்டரிக்கும் விட்டம் அதுவே, வோல்ட்டும் அதுவே. ஆனால் அது தடித்தது என்பதால் மூடி சரியாகப் பொருந்தாது. ஆகவே பழைய பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டே புதியதை வாங்குங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்தப் பேட்டரியை விளையாட்டாக எண்ணிவிடக் கூடாது. விழுங்கப்பட்ட பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளாகவே கடுமையான புண்ணை உண்டாக்கக்கூடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தாலே உடனடியாக மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். கழற்றிய பேட்டரியின் இருபுறமும் ஒட்டுநாடாவைச் சுற்றி, கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருந்து மின்கழிவு சேகரிப்பில் கொடுத்துவிடுங்கள்.

திரவப் படிகம் வெப்பம் ஏறினால் நிலை மாறிவிடும் பொருள். 1888-இல் ஃபிரெடிரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர் கொலஸ்டெரில் பென்சோயேட் என்னும் பொருளைச் சூடாக்கியபோது, அது ஒரு வெப்பநிலையில் கலங்கலாக உருகி, இன்னும் சூடேறியதும் தெளிந்த திரவமானதைக் கண்டார். திரவப் படிகம் என்பது இனங்காணப்பட்டது அப்படித்தான். உங்கள் பலகைக்குள் இருக்கும் கலவைக்கும் அதே இயல்பு உண்டு. வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவந்தால் எழுத்து மறைந்துபோகலாம், திரையில் திட்டுகளும் விழலாம். பைக்குள் வைக்கும்போது திரைப் பக்கம் தட்டையான அட்டையையோ நோட்டையோ ஒட்டி இருக்கட்டும். துடைப்பதற்குச் சற்றே ஈரமான மென்துணி போதும்.

வாங்கிய ஒரு மாதம் கழித்து உறைச் சோதனையை மறுபடியும் செய்து பாருங்கள். முதல் குவியல் மெலிந்திருக்கும்; இரண்டாவது குவியல் அப்படியே இருக்கும். அதுவும் பெரிதாக இருந்து, தாளிலிருந்து விடுபட்டே ஆக வேண்டும் என்று தோன்றினால், அதற்குரிய கருவி, தாளில் மை போலத் தோன்றும் இ-இங்க் திரை கொண்ட மின்-நோட்டுப் புத்தகம். 2017-இல் ரிமார்க்கபிள், 2022-இல் கிண்டில் ஸ்கிரைப் என்று வந்த இவற்றில் எழுதிய பக்கங்கள் கோப்புகளாகச் சேமிக்கப்படும், பிடிஎஃப் ஆகவும் எடுத்துக்கொள்ளலாம். விலை பல மடங்கு அதிகம் என்பதால், கையெழுத்தைத் தட்டச்சு எழுத்தாக மாற்றும் வசதிக்காக வாங்குபவர்கள் தங்கள் மொழிக்கு அந்த வசதி இருக்கிறதா என்று முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். எழுத எழுதப் பேனா முனை தேய்ந்துகொண்டே வரும். மாற்று முனைகள் தொடர்ந்து கிடைக்கின்றனவா என்பதையும், பக்கங்களின் நகலைச் சந்தா கட்டாமலே வேறு கணினியில் வைத்துக்கொள்ள முடிகிறதா என்பதையும் பணம் செலுத்தும் முன்பே கேட்டுவிடுங்கள்.