சிங்கப்பூரில் கல்யாணம்: வேலை பாஸா, எல்டிவிபியா என்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊரிலிருந்து வந்தவர் சிங்கப்பூரரையோ பிஆரையோ (நிரந்தரவாசியையோ) மணக்கும்போது, படிவம் நிரப்ப உதவி கேட்டு என்னிடம் வருபவர்களில் பலர் கல்யாணத்தை முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். பெயரில் எழுத்துப் பிழை, காலாவதியான பாஸ்போர்ட் எல்லாம் சின்ன விஷயம், சரிசெய்துவிடலாம். பிறகு சரிசெய்யவே கஷ்டமானவற்றை மட்டும் சொல்கிறேன். எல்டிவிபி என்பது சிங்கப்பூரர் அல்லது பிஆரின் வாழ்க்கைத்துணை இங்கே தங்கக் கிடைக்கும் நீண்டகால வருகை அனுமதி.

தாலி கட்டிவிட்டு அனுமதி கேட்பது

வொர்க் பெர்மிட்டில் (அடிப்படை வேலைகளுக்கான வேலை பாஸ்) இருப்பவர் சிங்கப்பூரரையோ பிஆரையோ மணக்க மனிதவள அமைச்சின் முன் அனுமதி வேண்டும். இவ்வளவு வரைக்கும் பலருக்குத் தெரியும். "இப்போதைக்கு ஊரில் கோயிலில் தாலி கட்டிக்கொள்வோம், ரிஜிஸ்டர் அப்புறம் பார்க்கலாம்" என்று கிளம்புவதில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். சட்டப்படியோ, மதப்படியோ, வழக்கப்படியோ, சிங்கப்பூருக்குள்ளோ வெளியிலோ எந்த வகைத் திருமணமும் அனுமதி இல்லாமல் கூடாது என்று பெர்மிட்டின் நிபந்தனையே சொல்கிறது. மன்னார்குடி மண்டபத்தில் கட்டிய தாலிக்கும் அது பொருந்தும். மீறினால் பெர்மிட் ரத்தாகலாம், திரும்ப உள்ளே வரத் தடையும் விழலாம்.

முன்பு பெர்மிட் வைத்திருந்து ஊர் திரும்பியவர்களுக்கும் இதே விதிதான். ஒரு குடும்பம் கல்யாண ஆல்பத்தோடு வந்தது. பெண் இங்கே பிறந்தவர். மாப்பிள்ளை பல வருடங்களுக்கு முன் இங்கே கப்பல் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, புதுக்கோட்டைப் பக்கம் சொந்தமாக வெல்டிங் கடை போட்டவர். "பெர்மிட் முடிந்து எத்தனையோ காலமாச்சு, அதெல்லாம் கணக்கில் வராது" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எல்டிவிபிக்கான காகிதங்களோடு அந்தப் பழைய பெர்மிட்டின் ஜெராக்ஸும் இருந்தது. அதை எடுத்துக் காட்டி நான் விளக்கியதும் பெண்ணின் அப்பா ஆல்பத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். குழந்தை பிறந்த பிறகும் அவர்கள் ஆளுக்கொரு நாட்டில்தான் இருந்தார்கள்.

கேள்விப்பட்டதை உறுதியாகச் சொல்லி அனுப்புகிற ஆட்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. "பழைய பெர்மிட்டைப் படிவத்தில் காட்டாதீர்கள்" என்றுகூடச் சிலர் சொல்கிறார்கள். பொய்த் தகவல் கொடுப்பது தனிக் குற்றம். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

முதலில் மனிதவள அமைச்சின் அனுமதி. சிங்கப்பூர்க் குடிமக்களை மணப்பவர்கள் அடுத்ததாக, குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையத்தில் திருமணத்துக்கு முந்தைய மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். 2015 முதல் இந்த வசதி இருக்கிறது. எல்டிவிபி கிடைக்க வாய்ப்பு எப்படி என்று கல்யாணத்துக்கு முன்பே தெரிந்துவிடும். பத்திரிகை அடிப்பது அதற்கப்புறம்.

எல்டிவிபி வந்ததும் வேலையில் சேர்வது

எல்டிவிபி தங்குவதற்கு. வேலை பார்க்க எல்ஓசி (மனிதவள அமைச்சின் ஒப்புதல் கடிதம்) வேண்டும். எல்டிவிபி முடிந்தால் எல்ஓசியும் முடிந்தது.

டிபி இருந்தால் எல்ஓசி போதும் என்று நினைப்பது

டிபி (சார்ந்திருப்போர் பாஸ்) என்பது, உயர்நிலை வேலைக்கான இ பாஸ், நடுத்தரத் திறன் வேலைக்கான எஸ் பாஸ் வைத்திருப்பவர்களின் துணைக்கு. 2021 மே 1 முதல் டிபி வைத்திருப்பவர்கள் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேரத் தனி வேலை பாஸ் எடுக்க வேண்டும்.

நல்ல பாஸை அவசரமாக விடுவது

எஸ் பாஸோ இ பாஸோ வைத்திருப்பவர், கல்யாணமானதும் எல்டிவிபிக்கு மாறியே ஆக வேண்டும் என்றில்லை. வேலை பாஸ் முதலாளியை நம்பி நிற்கிறது, எல்டிவிபி துணையை நம்பி நிற்கிறது. வேலை நிலையாக இருந்தால் பாஸை வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன். குடும்பத்தில் பிணக்கு வந்தாலும் தங்கும் உரிமை ஆட்டம் காணாது.

சில நேரம் நிறுவனமே மாறச் சொல்லும். எஸ் பாஸ் ஆளுக்கு நிறுவனம் அரசுக்கு லெவி (வெளிநாட்டு ஊழியர் தீர்வை) கட்ட வேண்டும், கோட்டாவிலும் (வெளிநாட்டு ஊழியர் எண்ணிக்கை வரம்பு) ஓர் இடம் போகும். சிங்கப்பூரரின் அல்லது பிஆரின் துணை எல்ஓசியில் வேலை செய்தால் இரண்டும் இல்லை. முதலாளிக்கு மிச்சம் என்பதால், சம்பளம் பேச அது நல்ல தருணம். ஆனால் எல்டிவிபிக்குக் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம் கைக்கு வரும்வரை எஸ் பாஸை ரத்து செய்யச் சம்மதிக்காதீர்கள். எச்ஆர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.