சிப்பியை வீட்டில் சமைத்து வெள்ளை ஒயினோடு பரிமாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்சின் பிரிட்டானி கரையில் இருக்கும் கான்கால், ஆய்ஸ்டர் எனும் சிப்பிக்குப் பேர்போன ஊர். அங்கே கடலோரக் கடைகளில் பெரும்பாலும் பச்சையாகத்தான் சாப்பிடுகிறார்கள். ஆனால் பிரெஞ்சு வீடுகளில், அதுவும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு சமயத்தில், வெண்ணெயும் கிரீமும் விட்டு அவன் (oven) அடுப்பில் சூடாக்கிப் பரிமாறுவதும் உண்டு. பச்சையாகச் சாப்பிடத் தயங்குகிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். சமைக்கும்போது ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: சிப்பி தன் உப்பைத் தானே கொண்டுவருகிறது. பாதித் தவறுகள் இதை மறப்பதால் வருபவை.

வாங்கும்போதே ஒரு குழப்பம். பிரெஞ்சுக் கூடைகளில் அளவைக் குறிக்கும் எண் கூடக் கூடச் சிப்பி சிறிதாகும். 3ஆம் எண் 66 முதல் 85 கிராம் வரை, 2ஆம் எண் 86 முதல் 110 கிராம் வரை. சூட்டில் சதை சுருங்கும் என்பதால் சமையலுக்கு 2ஆம் எண்ணே என் தேர்வு.

வீட்டுக்கு வந்ததும் பலர் செய்வது, மட்டியை மண் போகப் போட்டுவைப்பதுபோலத் தண்ணீரில் ஊறவைப்பது. நல்ல தண்ணீரில் சிப்பி செத்துவிடும். இறுகக் கட்டிய பிளாஸ்டிக் பையிலும் மூச்சு முட்டிச் சாகும். குழிந்த ஓடு கீழே இருக்கும்படி அடுக்கி, ஈரத்துணி போர்த்தி ஃப்ரிட்ஜில் வையுங்கள். வாய் திறந்திருப்பதைத் தட்டிப் பாருங்கள். மூடவில்லையென்றால் தயங்காமல் குப்பையில் போடுங்கள்.

திறக்கும்போது வழியும் நீரைக் கொட்டிவிடாதீர்கள். ஓட்டுத் துணுக்கு போக மெல்லிய துணியில் வடிகட்டி, சின்ன வெங்காயம் போன்ற ஷாலட்டை வெண்ணெயில் வதக்கி, அந்த நீரும் ஒரு கரண்டி கிரீமும் விட்டுச் சுண்டவைத்தால் சாஸ் தயார். இதில் உப்பே போட வேண்டாம். பிரிட்டானி வெண்ணெயில் உப்பு சேர்ந்தே இருக்கும். அதைப் பயன்படுத்தினால் இன்னும் கவனம். ‘குக்கிங் ஒயின்’ என்று விற்கும் பாட்டில்களிலும் உப்பு கலந்திருப்பதுண்டு. குடிக்கப்போகும் ஒயினிலிருந்தே கொஞ்சம் ஊற்றுங்கள். தட்டில் கல்லுப்பைப் பரப்பி அதன்மேல் ஓடுகளை அழுத்தி வைத்தால் சாய்ந்து சாஸ் வழியாது. உப்புக்கு இந்தச் சமையலில் உள்ள வேலை அவ்வளவுதான்.

எவ்வளவு நேரம் சமைப்பது என்பதில்தான் ஆபத்தான தவறு. ஓரம் சுருண்டதும் எடுத்துவிட்டால் சதை மிருதுவாக இருக்கும், உண்மைதான். ஆனால் உள்ளே பாதி பச்சை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொல்லும் கணக்கு இது: ஓட்டோடு ஆவியில் வேகவைத்தால் 4 முதல் 9 நிமிடம், திறந்த சிப்பியை 232 டிகிரி செல்சியஸ் அவனில் வைத்தால் 10 நிமிடம், 190 டிகிரி எண்ணெயில் பொரித்தால் குறைந்தது 3 நிமிடம். மேலே சாஸும் ரொட்டித்தூளும் மூடியிருந்தால் சதை அதிகம் வறளாது. ஓட்டோடு வேகவைத்தும் வாய் திறக்காததைச் சாப்பிடாதீர்கள். எலுமிச்சைச் சாறும் ஒயினும் கிருமியைக் கொல்லும் என்ற நம்பிக்கை பொய். சிப்பியில் இருக்கக்கூடிய விப்ரியோ வல்னிஃபிகஸ் பாக்டீரியா, கல்லீரல் நோய் உள்ளவர்களின் உயிரையே பறிக்கலாம். அவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அரைவேக்காடு கூடவே கூடாது. ஒயினும் அவர்களுக்கு வேண்டாம்.

இனி ஒயின். விலை அதிகமான, ஓக் பீப்பாய் வாசம் தூக்கலான ஷார்டனே வாங்கி வைப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. வெனிலா வாசமும் கடல் உப்பும் ஒட்டவே ஒட்டாது. லுவார் ஆறு கடலை நெருங்கும் நாந்த் பகுதியின் மஸ்கடே, இதற்கென்றே பிறந்தது போன்ற ஒயின். மெலோன் த பூர்கோன்யு திராட்சையில் செய்வது, இனிப்பில்லாதது, புளிப்பு துல்லியமானது. லேபிளில் ‘சுர் லீ’ என்றிருந்தால், அடியில் படிந்த ஈஸ்ட்டோடு குளிர்காலம் முழுக்க வைத்திருந்தது என்று பொருள். வாயில் கொஞ்சம் நிறைவாக இருக்கும். பெயர் ஒலிப்பதை வைத்து இனிப்பான மொஸ்காட்டோவை வாங்கிவிடாதீர்கள், இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

ஆவியில் வெந்த சிப்பிக்கு மஸ்கடே, கிரீம் சாஸுக்கு ஷாப்லி (அதே பெயருள்ள பிரெஞ்சு ஊரின் வெள்ளை ஒயின்). ஷாப்லி மண்ணில் சிப்பிப் புதைபடிவங்கள் நிறைய உண்டு. ஆனால் அந்த ருசிதான் கோப்பைக்குள் வருகிறது என்பது அழகான கதை மட்டுமே; புளிப்பும் குளிர்ந்த வட்டாரமும்தான் காரணம். சிவப்பு ஒயின் கடலுணவோடு சேரும்போது ஏன் மீன்வாடை கிளப்புகிறது என்பதற்கு 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் விடை தந்தார்கள்: ஒயினில் உள்ள இரும்புச்சத்து. அவர்கள் சோதித்தது ஸ்காலப் சிப்பியோடு.

மேசையில் வினிகர்-ஷாலட் சாஸ் வைத்தால் எந்த ஒயினும் தட்டையாகிவிடும், எலுமிச்சை போதும். பாட்டிலை உறையும் அளவு குளிரவைத்தால் மணமே எழாது. மஸ்கடேக்கு 8 முதல் 10 டிகிரி சரி; ஷாப்லியைப் பரிமாறக் கால் மணி நேரத்துக்கு முன் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துவிடுங்கள்.