முதியோர் இல்லத்தில் மருத்துவக் கவனிப்பு: புகாரை விசாரிக்கும் முறை

புகார் வந்த அன்றே, யாருக்கு, எந்த நாளில், என்ன நேர்ந்தது என்பதைப் புகார்தாரரின் சொற்களிலேயே எழுதிக்கொண்டு, மருந்துப் பதிவேட்டின் நகலை உடனே பெற்றுவிட வேண்டும். தாமதித்தால் விடுபட்ட கட்டங்கள் நிரப்பப்பட்டுவிடக்கூடும். ஒரு மாதக் கையொப்பங்கள் அனைத்தும் ஒரே மையில், ஒரே சாய்வில் இருந்தால், அவை அன்றாடம் இடப்பட்டவையா என்று கேளுங்கள். மருந்துச் சீட்டின்படி எத்தனை மாத்திரைகள் மீந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, அட்டையில் உள்ளவற்றை எண்ணிப் பாருங்கள். பதிவேட்டைவிட இது நம்பகமான சான்று. படுக்கைப்புண் பற்றிய புகாரானால், புண் முதலில் எப்போது குறிக்கப்பட்டது, முதியவரைப் புரட்டிப் படுக்கவைத்த நேரங்கள் எழுதப்பட்டனவா, மருத்துவர் எப்போது அழைக்கப்பட்டார் ஆகியவற்றை நாள்வாரியாகத் தொகுக்க வேண்டும்.

முதியவரிடம், பணியாளர் எவரும் அருகில் இல்லாதபோது, அவசரப்படுத்தாமல் பேசுங்கள். மறதிநோய் உள்ளவர் என்பதற்காக அவர் சொல்வதை ஒதுக்கிவிடுவது பெரும் அநீதி. இரவுப் பணியாளரையும் தனியே விசாரியுங்கள்.

முதியவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தால், நோயாளியோ அவரது அனுமதி பெற்றவரோ கேட்ட 72 மணி நேரத்திற்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிமுறைகள் கூறுகின்றன. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால், விசாரணையை நிறுத்திவைத்து முதலில் 108ஐ அழையுங்கள். தமிழ்நாட்டில், புறக்கணிப்பு உறுதியானால் மாவட்டச் சமூகநல அலுவலரிடம் அறிக்கை அளிக்கலாம். முதியோர் உதவி எண் 14567.