முதலில் ஆட்டத்தை நிறுத்துங்கள், அப்புறம் பாலிஷ்

பந்தயப் பாய்ப்படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்க அடியில் இறக்கும் பலகைதான் சென்டர்போர்டு. அதைக் கழற்றியதும் பலரும் முதலில் எடுப்பது உப்புத்தாளைத்தான். கண்ணாடி மாதிரி ஆகும்வரை வாரக்கணக்கில் தேய்க்கிறார்கள். திரும்ப மாட்டினால் அதே போர்டு, படகின் நடுவில் அது ஏறி இறங்கும் பெட்டிக்குள் லொடலொடவென்று ஆடுகிறது. அத்தனை உழைப்பும் இப்படி வீணாவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும்.

படகைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, போர்டை முழுதாக இறக்கி, நுனியைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். பெட்டிக்குள் 25 செ.மீ., வெளியே 1 மீட்டர் இருக்கும் போர்டில், மேல்முனையில் 2 மி.மீ. இடைவெளி இருந்தாலே நுனி 8 மி.மீ. நகரும். தலைப்பகுதியிலும் பெட்டியின் வாயருகிலும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகளை இரு பக்கமும் சம தடிமனில் ஒட்டுங்கள். ஒரே பக்கம் ஒட்டினால் போர்டு கோணலாகிவிடும். ரொம்ப இறுக்கினாலும் தொல்லை: கொஞ்சம் மணல் புகுந்தால் போதும், போர்டு ஏறாது. கையால் இழுத்தால் ஏற வேண்டும், விட்டால் அங்கேயே நிற்க வேண்டும்.

பட்டையை எங்கே ஒட்டுகிறோம் என்பதைப் பெரும்பாலோர் யோசிப்பதே இல்லை. போர்டின் மேல் தண்ணீர் தரும் பக்கவிசை, அதன் அகலத்தில் முன்னாலிருந்து சுமார் கால் பங்குத் தூரத்தில் இயங்குகிறது. முன்விளிம்பருகே இறுக்கி, பின்னால் தளர்வாக விட்டால், அந்த விசை பின்பகுதியைக் காற்று வரும் பக்கம் தள்ளும். முன்விளிம்பு எதிர்ப்பக்கம் திரும்பும், படகு இன்னும் அதிகமாக நழுவும். 505 என்ற பந்தயப் படகு வகுப்பில் இதையே நேர்மாறாகப் பயன்படுத்துகிறார்கள். போர்டின் தலையில் மிகத் தடிமனான இடத்தைப் பின்னுக்குத் தள்ளி வைத்து, முன்விளிம்பு தானாகவே காற்றுப் பக்கம் சற்றுத் திரும்பும்படி செய்கிறார்கள். உங்கள் படகு வகுப்பின் விதி இதை அனுமதிக்கவில்லை என்றால், முன்னும் பின்னும் ஒரே மாதிரி இறுக்கிவிடுங்கள்.

அடுத்து நேர்கோடு. படகைக் கவிழ்த்து, போர்டை வெளியே நீட்டி, நுனியிலிருந்து படகின் இரு பக்க விளிம்புக்கும் கயிறு பிடித்து அளந்தால் தூரம் சமமாக வர வேண்டும். பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் சுக்கானும் போர்டும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும்.

வேகமாகப் போகும்போது போர்டு 'ம்ம்ம்' என்று முனகுகிறதா? பெரும்பாலும் பின்விளிம்பு உருண்டையாக இருக்கும். அதைக் கத்தி மாதிரி கூராக்காதீர்கள், முதல் உரசலிலேயே உடைந்து போகும். 1 அல்லது 2 மி.மீ. தடிமனில், முனைகள் கூராக நிற்கும்படி சதுரமாக வெட்டிவிடுங்கள். முன்விளிம்பில் கதை வேறு. அங்கே கூர்மை இருந்தால் சிறு கோணத்திலேயே நீரோட்டம் பிய்ந்துவிடும், முட்டை முனை போன்ற வளைவுதான் சரி. அட்டையில் அந்த வளைவை வெட்டி, அதை வைத்து இரு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். ஆனால் கை வைக்கும் முன் விதிப் புத்தகத்தைப் படியுங்கள். ஐஎல்சிஏ (முன்பு லேசர் எனப்பட்ட படகு) போன்ற வகுப்புகளில் வடிவத்தை மாற்றவே கூடாது.

பெட்டி வாயை மூடும் பட்டை கிழிந்திருந்தால் தண்ணீர் உள்ளே கொப்பளித்து வேகத்தைத் தின்னும், உடனே மாற்றுங்கள்.

சுக்கானை மறந்துவிடாதீர்கள். அதன் தட்டைக் கீழே இறக்கிப் பிடிக்கும் கயிறு தளர்ந்து, தட்டு கொஞ்சம் பின்னால் சாய்ந்தாலே சுக்கான் பிடி, கை வலிக்கும் அளவுக்குக் கனக்கும். பாயைத் திருத்தி மாளாமல் தவிப்பவர்கள் முதலில் அந்தக் கயிற்றை இறுக்கிப் பார்க்கலாம்.

இவ்வளவும் முடிந்த பிறகு 400, அப்புறம் 600 நம்பர் வாட்டர் பேப்பர் போடுங்கள். மெழுகு தேவையில்லை.