முட்டை அடை வைக்க எந்தத் தெர்மாமீட்டர்? வாங்குவது, சோதிப்பது, வைப்பது

பொய்கைச் சந்தையில் வாங்கிவந்த சிறுவிடைக் கோழிகள் இட்ட முட்டை பதினைந்து. தெர்மோகோல் பெட்டியில் பல்பும் சின்ன ஃபேனும் பொருத்தி, மீட்டர் 37.5 காட்டுவதைப் பார்த்துப் பார்த்து அடை வைத்தேன். 21ஆம் நாள் ஒரு முட்டையிலும் விரிசல் இல்லை. 23ஆம் நாள் இரண்டு குஞ்சு வந்தது. மற்றவற்றை உடைத்துப் பார்த்தால், இறகு முளைத்த குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தன. அப்புறம்தான் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டேன். மீட்டர் 1.2 டிகிரி கூட்டிக் காட்டியிருக்கிறது. மூன்று வாரமும் உள்ளே இருந்த சூடு 36.3தான்.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெட்டிக்குச் செலவழிக்கும் அக்கறையில் பாதியைத் தெர்மாமீட்டரில் காட்டினால் போதும், இந்த இழப்பு வராது.

எவ்வளவு சூடு வேண்டும்?

கோழி முட்டைக்கு, ஃபேன் ஓடும் பெட்டியில் 37.5 டிகிரி செல்சியஸ், அதாவது 99.5 பாரன்ஹீட். ஃபேன் இல்லாத பெட்டியில் சூடான காற்று மேலே தங்கிவிடும். அதனால் முட்டையின் மேல்பக்க உயரத்தில் அளந்து 38.3 முதல் 38.9 வரை வைக்க வேண்டும். சூடு குறைந்தால் குஞ்சு தாமதமாகும். கூடினால் முந்திக்கொண்டு வரும், தொப்புள் மூடாமலும் கால் வளைந்தும் இருக்கும். கூடுவதுதான் அதிக ஆபத்து.

எதை வாங்குவது?

மெடிக்கல் ஷாப்பில் ஒரு டிஜிட்டல் காய்ச்சல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். 0.1 டிகிரி அளவுக்குச் சரியாக இருக்கும். ஆனால் சிறிது நேரத்தில் தானாக அணைந்துவிடும், பெட்டிக்குள் வைக்க உதவாது. மற்ற மீட்டரைச் சோதிக்க மட்டும்தான் அது.

பெட்டிக்குள் வைக்க, நீண்ட ஒயரின் நுனியில் தண்ணீர் புகாத ஸ்டீல் சென்சார் உள்ள டிஜிட்டல் மீட்டர் நல்லது. மூடியைத் திறக்காமல் வெளியிலிருந்தே பார்க்கலாம். ஈரப்பதமும் சேர்த்துக் காட்டும் சதுர மீட்டர்கள் பல ஒரு டிகிரி வரை தவறும். புள்ளிக்குப் பின்னால் ஒரு எண் காட்டுகிறது என்பதற்காகத் துல்லியம் என்று நம்ப வேண்டாம். ஈரப்பதம் பார்க்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனை

இதை மட்டும் தவிர்க்காதீர்கள். பிளாஸ்க்கில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள். கை வைத்தால் சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை என்று இருக்க வேண்டும். 40 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். பழைய பாதரசத் தெர்மாமீட்டரைப் பயன்படுத்துபவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள், 42க்கு மேல் போனால் கண்ணாடி வெடித்துவிடலாம்.

சென்சாரையும் காய்ச்சல் தெர்மாமீட்டரையும் நுனிகள் ஒட்டியிருக்கும்படி ரப்பர் பேண்டால் கட்டி, நுனி மட்டும் மூழ்கும்படி இறக்குங்கள். தண்ணீரை மெல்லக் கலக்கிவிட்டு மூன்று நிமிடம் பொறுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இப்படி மூன்று தடவை செய்யுங்கள்.

காய்ச்சல் தெர்மாமீட்டர் 37.8, மீட்டர் 38.6 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.8. மூன்று தடவையும் அதே 0.8 வந்தால் மீட்டர் நல்லதுதான். ஒரு பிளாஸ்டர் துண்டில் "0.8 கழி" என்று எழுதி மீட்டரின் முகப்பிலேயே ஒட்டிவிடுங்கள். ஒரு தடவை 0.3, இன்னொரு தடவை 1.1 என்று அலைந்தால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். பல்பை அணைத்துப் போடும் கன்ட்ரோலரின் சென்சாரையும் இதே தண்ணீரில் சோதியுங்கள், அதுவும் தவறும்.

ஐஸ் தண்ணீரில் பூஜ்யம் காட்டினால் போதும் என்பார்கள். பூஜ்யத்தில் சரியாக இருப்பது 37லும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. நமக்கு வேண்டிய சூட்டிலேயே பார்த்துவிடுவது மேல்.

எங்கே வைப்பது?

சென்சார் நுனி முட்டையின் மேல்பக்க உயரத்தில், பல்புக்கு நேரே படாமல், சுவரில் ஒட்டாமல் தொங்க வேண்டும். காற்றின் சூடு நொடிக்கு நொடி மாறும். முட்டைக்குள் அவ்வளவு வேகமாக மாறாது. அதனால் காலியான சின்ன மருந்து பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, இன்னொரு சென்சாரை அதில் விட்டு முட்டைகளுக்கு நடுவே வையுங்கள். முட்டை உணரும் சூட்டுக்குக் கிட்டத்தட்ட அது வரும்.

முட்டை வைக்காமல் 24 மணி நேரம் ஓட விட்டு, விடியற்காலை, மதியம் இரண்டு மணி, இரவு என்று குறித்துப் பாருங்கள். நம் வேலூரில் மதியக் கணக்குத்தான் முக்கியம். கத்திரி வெயிலில் ஷீட் கூரைக்குக் கீழே அறையே 40ஐத் தாண்டும். கன்ட்ரோலர் பல்பை அணைக்கும், ஆனால் பெட்டியைக் குளிர வைக்க அதனால் முடியாது. சித்திரை, வைகாசியில் நான் அடை வைப்பதையே தள்ளிப்போட்டுவிடுவேன். வைத்தே ஆக வேண்டுமென்றால் தரைத்தளத்து உள்ளறை, காற்றுத் துளைகள் திறந்த பெட்டி, பிற்பகல் முழுக்க மீட்டரைப் பார்க்க வீட்டில் ஒருவர்.