கணக்குப்பிள்ளை பொய் சொல்லும்போது: எஸ்டேட் கதை எழுதுவோர் தவிர்க்க வேண்டியவை

தமிழக-கேரள எல்லையில் கம்பம், குமுளி, வண்டிப்பெரியாறு பக்கத்துப் பிள்ளைகள் தாங்கள் எழுதிய கதைகளைப் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்புகிறார்கள். பெரும்பாலும் எஸ்டேட், ஹாஸ்டல், அரசு ஆஸ்பத்திரிதான் களம். கதையைச் சொல்வது ஒரு 'நான்'. அந்த 'நான்' உண்மை பேசுவதில்லை. அமெரிக்க விமர்சகர் வெய்ன் பூத் 1961இல் 'நம்பகமற்ற கதைசொல்லி' என்று பேர் வைத்தாரே, அதே ஆள். ஆசை நல்லதுதான், ஆனால் எல்லாரும் அதே சில குழிகளில் விழுகிறார்கள். சந்திப்பிழையை யாரும் திருத்திக் கொடுப்பார்கள், அதை விடுவோம்.

கடைசிப் பக்கத்தில் வேட்டு

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் வருகிறது. பக்கம் பக்கமாக நல்லவராகப் பேசிவிட்டு, முடிகிற இடத்தில் 'அவளைத் தள்ளிவிட்டது நான்தான்' என்பார். திரும்பப் புரட்டினால் ஒரு தடயம் கிடையாது. அங்கே பொய் சொன்னது கதைசொல்லி இல்லை, எழுதினவர்.

ஒரு பையனின் கதையில் தேயிலை எஸ்டேட் கணக்குப்பிள்ளை பேசுகிறார். கொழுந்து எடையைக் குறைத்து எழுதியவர், கடைசி வரியில் ஒப்புக்கொண்டு அழுகிறார். அழுகையை வெட்டச் சொன்னேன். முதல் பக்கத்திலேயே, "ஒரு கிலோகூட யாரிடமும் நான் எடுத்ததில்லை" என்று பெருமை பேசட்டும். நாலு வரி தள்ளி, "மழை நாளில் ஈரத்துக்கு மூணு கிலோ கழிப்பது வழக்கம்." இன்னும் தள்ளி, போகிற போக்கில், "அன்றைக்கு நல்ல வெயில். கழிவு மூணு."

அவ்வளவு போதும். மாட்டிக்கொண்டது அவருக்கே தெரியாது. "சார், புரியாமப் போயிடுமே" என்றான் பையன். லயத்தில், அதாவது எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்த அவன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டச் சொன்னேன். "வெயிலுக்கு எதுக்குடா ஈரக்கழிவு?" என்று அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டாராம்.

பொய்க்கு ஒரு தேவையும் வேண்டும். தான் யோக்கியன் என்று நம்புவது கணக்குப்பிள்ளையின் தேவை. வாசகரை அசத்துவது உங்கள் தேவை. அதை அவர் தலையில் கட்டாதீர்கள்.

எல்லாம் கனவு

வேண்டவே வேண்டாம்.

மனநோயாளி சொன்னால் அத்தனையும் பிரமை

கென் கேசியின் 1962 நாவல் 'ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்'டில் கதை சொல்லும் புரோம்டன் என்பவர் ஒரு மனநல மருத்துவமனை நோயாளி. காது கேட்காத, வாய் பேசாத ஆளாக நடிப்பதால் ஊழியர்கள் அவர் முன்னால் எதையும் பேசுகிறார்கள். வார்டில் மெஷின் வைத்து மூடுபனி கிளப்புகிறார்கள் என்கிறார். மெஷின் பிரமைதான். ஆனால் அந்த வார்டில் தலைமை நர்சுக்கு இருக்கிற பிடி மெய். இரண்டையும் ஒரே வாயிலிருந்து வரவைத்ததுதான் கெட்டிக்காரத்தனம்.

கத்துகிற அதிகாரி

மீசை, ஜீப், கெட்ட வார்த்தை. சலித்துவிட்டது. ரிஜிஸ்டரை மூடிவிட்டு, கொட்டாவியோடு "நாளைக்கு வா" என்றால் ஒரு நாள் கூலி போச்சு. அவர் எதற்குக் கத்த வேண்டும்?

மலையாளம் பேசினால் வில்லன்

எல்லையோரக் கதைகளில் இது தொற்றுநோய். முன்பணம் கொடுத்துத் தமிழ்க் கிராமங்களிலிருந்து ஆள் பிடித்து மலையேற்றிய கங்காணி பேசியது தமிழ்தான். சொந்தக்காரனாகவும் இருப்பான். அவனைக் கதை சொல்லவிடுங்களேன், "நான் சோறு போட்டேன்" என்றுதான் ஆரம்பிப்பான். பிந்திய காலக் கதையென்றால் சூப்பர்வைசர், "என் தயவில்தான் இவளுக்கு வீடு கிடைத்தது" என்று சொல்லிக்கொள்ளட்டும். தொழிலாளிக்கு வீடு தருவது நிர்வாகத்தின் கடமை என்று 1951ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொல்லியிருந்தது. விவரம் தெரிந்த வாசகர் அங்கேயே அவரைப் பிடித்துவிடுவார்.

தலைப்பிலேயே போட்டுக்கொடுப்பது

'பொய்யன்' என்று பேர் வைத்து ஒரு கதை வந்திருக்கிறது. மாற்றச் சொல்லியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.