தங்கமீன் கண்காட்சி நடத்தும் சங்கங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிய சங்கம் ஒன்று முதல் ஆண்டுக் கண்காட்சியை அறிவித்ததும் அனுபவசாலிகளுக்குக் கவலை தொற்றிக்கொள்ளும். பழைய சங்கங்கள் ஒவ்வொன்றாகச் செய்து, மீன்களை இழந்து, பிறகு கைவிட்ட அதே தவறுகளை இவர்களும் முதலிலிருந்து செய்யப்போகிறார்கள் என்று தெரியும். தொட்டியில் நெருக்கமாக மீன் விடக்கூடாது, கண்ணாடியைத் துடைத்து வைக்க வேண்டும் என்பதெல்லாம் மீன் வளர்க்கும் எவருக்கும் தெரிந்தவை. அவற்றை இங்கே விட்டுவிடலாம். வீட்டில் அருமையாக மீன் வளர்ப்பவர்களே கண்காட்சி அரங்கில் சறுக்கும் இடங்கள் வேறு.

பதிவு மேசையில் பையைத் திறப்பது

எத்தனை தடவை சொன்னாலும் மறுபடி மறுபடி நடப்பதும், பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் மூட்டுவதும் இதுதான். செய்கிறவர்கள் மீன் மேல் உள்ள அக்கறையால்தான் செய்கிறார்கள். தடுப்பது கடினமாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

வழக்கமாக நடப்பதைப் பாருங்கள். நான்கைந்து மணி நேரம் பயணம் செய்து, ஆக்சிஜன் நிரப்பிய பைகளோடு ஒருவர் அரங்கத்துக்கு வருகிறார். வாசலில் ஒரே ஒரு பதிவு மேசை. அங்கிருப்பவர் பையைப் பிரிக்கச் சொல்லி, மீனை மேலிருந்து பார்த்து, ஸ்கேல் வைத்து அளக்கிறார். எந்தப் பிரிவில் சேரும் என்று பட்டியலைப் புரட்டுகிறார். எந்தத் தொட்டி காலி என்று இன்னொருவரைத் தேடிப் போகிறார். பை திறந்து இருபது நிமிடம் ஓடிவிடுகிறது. கடைசியில் தொட்டி கிடைத்ததும், திறந்த பையை அதில் மிதக்கவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றி முக்கால் மணி நேரம் பழக்குகிறார்கள். மறுநாள் காலை நடுவர் வரும்போது, நேற்று வரை நிமிர்ந்து நீந்திய ஒராண்டா வகைத் தங்கமீன் துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் அடியில் கிடக்கிறது. வால் துடுப்பில் சிவப்பு நரம்புகள் தெரிகின்றன.

கட்டிய பைக்குள் மீன் வெளிவிடும் கரியமில வாயு தண்ணீரிலேயே கரைந்து தங்குவதால் பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) இறங்கிக்கொண்டே போகும். கூடவே செவுள் வழியாக வெளியேறும் அமோனியாவும் சேரும். பிஎச் தாழ்வாக இருக்கும் வரை அதில் பெரும்பகுதி அமோனியமாகவே இருக்கும். அது மீனை அவ்வளவாகத் தாக்காது. 25 டிகிரி செல்சியஸில் பிஎச் 6.5 என்றால், மொத்த அமோனியாவில் நஞ்சான பங்கு 0.2 சதவீதத்துக்கும் குறைவு. பிஎச் 8 ஆகிவிட்டால் அது 5 சதவீதத்தைத் தாண்டும். அதாவது சுமார் 30 மடங்கு. பையைத் திறந்த நிமிடத்திலிருந்து கரியமில வாயு பறந்துபோய் பிஎச் ஏறத் தொடங்குகிறது. தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவது அதை இன்னும் விரைவாக ஏற்றிவிடுகிறது. பல மணி நேரம் தீங்கில்லாமல் இருந்த அதே தண்ணீர், மீன் உள்ளே இருக்கும்போதே நஞ்சாகிறது. பிஎச் வேறுபாட்டை நலமான தங்கமீன் பெரும்பாலும் தாங்கிவிடும். செவுளைச் சுடும் அமோனியாவைத் தாங்காது.

இந்தச் சேதம் அன்றே முழுதாகத் தெரிவதும் இல்லை. புண்பட்ட செவுளில் சில நாள் கழித்து நோய்த்தொற்று ஏறும். வீட்டுக்குப் போன பிறகு மீன் சாகும். உரிமையாளர் பக்கத்துத் தொட்டி மீனிடமிருந்து ஏதோ ஒட்டிவிட்டது என்று நினைப்பார். அடுத்த ஆண்டு சங்கம் அதே மேசையை அதே இடத்தில் போடும்.

மெல்ல மெல்லப் பழக்குவது தப்பான வழக்கம் இல்லை. மூடி லேசாகத் திறந்த வாளியில், அரை மணி நேரத் தொலைவிலிருந்து கொண்டுவந்த மீனுக்கு அது பொருந்தும். அங்கே கரியமில வாயு தேங்குவதும் இல்லை, பிஎச் பெரிதாக இறங்குவதும் இல்லை. பல மணி நேரம் கட்டிக்கிடந்த பைக்குத்தான் அது பொருந்தாது.

ஆகவே செய்ய வேண்டியது, பையைத் திறப்பதற்கு முன்பே எல்லா முடிவையும் எடுத்துவிடுவதுதான். பதிவை ஒரு வாரத்துக்கு முன் முடித்துக்கொண்டு, ஒவ்வொரு மீனுக்கும் தொட்டி எண்ணை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். வாசல் மேசை பைகளை எண்ணி, சீட்டைச் சரிபார்த்து, உள்ளே அனுப்பினால் போதும். வெண்புள்ளி, நங்கூரப் புழு, மீன் பேன், கிழிந்த துடுப்பு ஆகியவற்றைப் பையை வெளிச்சத்தில் பிடித்தே பார்த்துவிடலாம். சந்தேகம் வந்தால் அந்த மீனுக்கென்று தள்ளி ஒரு தனித் தொட்டி தயாராக இருக்கட்டும்.

இரட்டைப் பையில்தான் மீன் வரவேண்டும் என்று விதி வையுங்கள். தொட்டி அருகே வந்ததும் வெளிப்பையை மட்டும் கழற்றி எறிந்துவிட்டால், உள்பையின் வெளிப்புறம் சுத்தமாக இருக்கும். அதைக் கட்டு பிரிக்காமல் தொட்டியில் 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிட்டால் வெப்பம் சமமாகிவிடும். அதன் பிறகு பையைத் திறந்து, உடனே ஈரக் கையால் மீனைத் தூக்கித் தொட்டியில் விட்டுவிட வேண்டும். பைத் தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகக்கூடாது. கழிவு வாளிக்குப் போகட்டும். அளவு எடுப்பதை மீன் அடங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம். எல்லா மீனையும் அளக்கத் தேவையில்லை. பிரிவின் எல்லையை ஒட்டி இருக்கும் மீனை மட்டும், அடியில் அளவுகோல் ஒட்டி, கண்காட்சித் தண்ணீரே நிரப்பிய தட்டில் அளந்தால் போதும். தொட்டிக் கண்ணாடியில் கோடு போட்டு அளப்பது சரிவராது. மீன் முன்னால் வந்தால் பெரிதாகவும் பின்னால் போனால் சிறிதாகவும் தெரியும்.

நேரக் கணக்கையும் போடுங்கள். ஒரு மேசை, பைக்கு 4 நிமிடம், 60 பை என்றால் கடைசிப் பைக்கு நான்கு மணி நேரக் காத்திருப்பு. வருகை நேரத்தை அரை மணிக்கொரு பகுதியாகப் பிரித்து, பத்துத் தொட்டிக்கு ஒரு தொண்டரை நிறுத்தினால் வரிசையே உருவாகாது.

காட்சி நாள் காலையில் தண்ணீர் நிரப்புவது

குழாய்த் தண்ணீரில் குளோரின் மட்டும் சிக்கல் இல்லை. அழுத்தத்தில் வரும் குளிர்ந்த தண்ணீர் அரங்கச் சூட்டில் வெதுவெதுப்பாகும்போது, கரைந்த வாயு பிரிந்து மீனின் துடுப்பிலும் செவுளிலும் குமிழாக ஒட்டும். எனவே தண்ணீரைக் குறைந்தது ஒரு நாள் முன்பே நிரப்பி, இரவு முழுக்கக் காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் ஓடட்டும். குளோரின் ஒரு நாள் காற்றில் பெரும்பாலும் போய்விடும், குளோரினும் அமோனியாவும் சேர்ந்த குளோரமைன் போகாது. அதனால் உங்கள் தண்ணீரில் எது சேர்க்கப்படுகிறது என்று தண்ணீர் வழங்கும் இடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சோடியம் தயோசல்ஃபேட் படிகம் போடுவதாக இருந்தால், லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரினுக்கு 7 மில்லிகிராம் என்பது பாதுகாப்பான கணக்கு. குளோரமைன் இருந்தால் தயோசல்ஃபேட் குளோரினை மட்டும் முறிக்கும். அமோனியா தண்ணீரிலேயே மிஞ்சும். அதற்கு அமோனியாவையும் கட்டிப்போடும் நீர் மருந்து வேண்டும்.

தண்ணீரின் மொத்த அளவையும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 45 × 30 × 30 சென்டிமீட்டர் தொட்டியில் விளிம்புக்கு 3 சென்டிமீட்டர் விட்டு நிரப்பினால் சுமார் 36 லிட்டர். 60 தொட்டிக்கு 2,160 லிட்டர். இரண்டு நாள் கண்காட்சியில் முதல் இரவு பாதித் தண்ணீர் மாற்ற 1,080. திரும்பப் பை கட்ட ஒரு மீனுக்கு 4 லிட்டர் வீதம் 240. ஆக, பக்குவப்படுத்திய தண்ணீர் 3,500 லிட்டர் இருந்தால்தான் சமாளிக்கலாம். தொட்டிக்குப் போக மீதமுள்ள 1,300 லிட்டரை வைக்கப் பீப்பாய் வேண்டும் என்பது பலருக்கும் கண்காட்சிக்கு முந்தைய மாலையில்தான் நினைவுக்கு வருகிறது.

புது ஸ்பாஞ்ச் ஃபில்டரை நம்ப வேண்டாம். அதில் அமோனியாவை முறிக்கும் பாக்டீரியா குடியேற வாரக்கணக்காகும். இரண்டு நாளில் அது காற்று விடுவதைத் தவிர வேறெதுவும் செய்யாது. பாதித் தண்ணீர் மாற்றமும் பட்டினியும்தான் மீனைக் காப்பாற்றும். தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. தின்பது குடலில் ஓடிக்கொண்டே இருந்து கழிவாக வரும். பயணத்துக்கு 24 முதல் 48 மணி நேரம் முன்பே தீனியை நிறுத்தச் சொல்லி நுழைவுச் சீட்டிலேயே அச்சிடுங்கள். அரங்கிலும் தீனி கிடையாது. அமோனியாவைப் பிடிக்க ஜியோலைட் கல்லைப் போட்டுவிட்டு அதே தொட்டியில் உப்பையும் போடுகிறவர்கள் உண்டு. உப்பு அந்தக் கல் பிடித்த அமோனியாவைத் திரும்ப வெளியே தள்ளிவிடும்.

மேசையின் பலம்

மேலே சொன்ன தொட்டி, கண்ணாடியும் சேர்த்து 43 கிலோ வரும். நான்கு வைத்தால் 170 கிலோ. மடக்கு மேசை நடுவில் வளையும், தொட்டி அடியில் விரிசல் விடும். இரும்புச் சட்டம் அல்லது கனமான மரப்பலகை போட்டு, தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் தாள் வையுங்கள். மீன் விடுவதற்கு முந்தைய இரவு முழுத் தண்ணீரோடு நிற்கவிட்டுப் பாருங்கள்.

வலை

வேண்டாம். கையும் கிண்ணமும் போதும். பபிள் ஐ வகைத் தங்கமீனின் கண்ணுக்கடியில் தொங்கும் நீர்ப்பை வலையில் பட்டால் உடைந்துவிடும்.

ஏர் பம்பைத் தரையில் வைப்பது

மின்சாரம் போனால் குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கிப் பம்பை நனைக்கும். தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். பேட்டரி பம்பும் தயாராக இருக்கட்டும்.

பிரிவுப் பட்டியலில் மூடுபனி

நடுவரோடு வரும் தகராறில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. 'பெரிய மீன்', 'சிறிய மீன்' என்று எழுதினால் எதுவும் விளங்காது. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை இத்தனை சென்டிமீட்டர் என்று எழுத வேண்டும். வாலைச் சேர்த்தால் நீண்ட வாலுள்ள காமெட் வகை எப்போதும் பெரிய பிரிவுக்குப் போய்விடும். முதுகுத் துடுப்பில்லாத ரான்ச்சு வகையை மேலிருந்து பார்த்து மதிப்பிடுவதா, பக்கவாட்டிலா என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஜப்பானிய மரபில் அதை ஆழமில்லாத வெள்ளைப் பாத்திரத்தில் விட்டு மேலிருந்து பார்ப்பார்கள். முதுகின் அகலமும் வால் விரிவும் அப்போதுதான் தெரியும். பக்கவாட்டில் பார்க்க வளர்த்த ரான்ச்சுவின் முதுகு வளைவு வேறு. இரண்டையும் ஒரே பிரிவில் போட்டால் நடுவர் என்ன முடிவு சொன்னாலும் ஒரு பக்கத்துக்கு அநியாயமாகிவிடும். டோசாகின் என்ற ஜப்பானிய வகையும் மேலிருந்து பார்க்க வேண்டிய மீன்தான்.

ஒரு பிரிவில் எத்தனை மீன் சேர்ந்தால் போட்டி, குறைந்தால் எந்தப் பிரிவோடு இணைப்பு என்பதையும் முன்கூட்டியே அச்சிட்டுவிடுங்கள். சொந்தமாக இனப்பெருக்கம் செய்து வளர்த்த மீனுக்குத் தனிப் பிரிவு கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால், விலை கொடுத்து வாங்கியவரே எல்லாப் பரிசையும் கொண்டுபோவார், குஞ்சிலிருந்து தேர்ந்தெடுத்து வளர்ப்பவர் அடுத்த ஆண்டு வரமாட்டார்.

தொட்டியில் உரிமையாளர் பெயர்

தீர்ப்பு முடியும் வரை எண் மட்டும்.

ஒரே சைஃபன் குழாய்

கிண்ணத்தைத் தொட்டிக்குத் தொட்டி கவனமாகப் பிரித்துவிட்டு, இரவில் தண்ணீர் மாற்றும்போது 60 தொட்டிக்கும் ஒரே குழாயை நனைப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. செவுள் புழு, வெண்புள்ளி, ஹெர்பிஸ் வைரஸ் எல்லாவற்றுக்கும் அந்தக் குழாய்தான் வழி. தங்கமீனைத் தாக்கும் இந்த வைரஸ் ஜப்பானில் 1990களின் தொடக்கத்தில் கண்டறியப்பட்டது. 15 முதல் 25 டிகிரி வெப்பத்தில் வேகமாகக் கொல்லும். பிழைத்த மீன் பார்க்க நலமாக இருந்தாலும் வைரஸைச் சுமந்துகொண்டிருக்கலாம். குறுகிய குழாய்த் துண்டுகளைத் தொட்டிக்கு ஒன்றாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். புதுத் தண்ணீர் ஊற்றும் குழாயின் முனை தொட்டித் தண்ணீரைத் தொடவே கூடாது. விற்பனை மேசையையும் காட்சித் தொட்டிகளிலிருந்து தள்ளிப் போட்டு, அதற்குத் தனி ஆட்கள், தனி வாளிகள் ஒதுக்குங்கள். திரும்பிய மீனை வீட்டில் மூன்று நான்கு வாரமாவது தனித் தொட்டியில் வைக்கும்படி எல்லோருக்கும் எழுதிக் கொடுங்கள்.

முடியும் நேரத்து அவசரம்

பரிசளிப்பு முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் மீனை எடுக்க ஓடுவார்கள். வரிசை வரிசையாக, தொலைவு போகிறவர்களுக்கு முதலில் என்று அழையுங்கள். தொட்டி எண்ணும் சீட்டும் உரிமையாளரும் ஒரே இடத்தில் இருந்தால்தான் மீன் பைக்குள் போக வேண்டும். பதிவின்போது எடுத்த புகைப்படம் கையில் இருந்தால் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ரியூகின் வகை மீன்கள் மாறிப்போகாது. பையில் மூன்றில் ஒரு பங்கு பீப்பாயில் சேமித்த தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன். மூலைகளை மடக்கி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டால் சின்ன மீன் அங்கே சிக்கி நசுங்காது.